கூடாரத்துக்குப் போகும் முன்

சேலத்தில் நடக்கப்போகும் கர்ல் கைடு என்கிற பெண் சாரணர் காம்ப்புக்கு இந்த வருஷம் சென்னியம்மாள்தான் போக வேண்டும் என்று தலைமையாசிரியை சாலம்மாள் சொன்னபோது, அவள் சரி என்றாள். அது என்ன காம்ப், எங்கே படுப்பது, யார் யார் வருவார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. நாமக்கல் ஜில்லா போர்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். நாளைக்கு இரண்டாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள் என்றால் சரி என்பாள். கூடத்தைப் பெருக்க ஆள் வரவில்லை என்றால் துடைப்பத்தை எடுத்துக்கொள்வாள். சாலம்மாளுக்கு அது வசதியாகவும் இருந்தது, சில சமயம் சங்கடமாகவும் இருந்தது.

கேட்காமலே சாலம்மாள் சொன்னாள். ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. ஜில்லாவிலுள்ள பெண் பள்ளிக்கூடங்களிலிருந்து ஒவ்வொரு டீச்சராக வருவார்கள். பத்து நாளைக்குத் துணிக்கூடாரத்தில் தங்க வேண்டும். கூடாரத்தைத் தாங்களே அடிக்க வேண்டும், கல்லைக் கூட்டிச் சமைக்க வேண்டும், காயம் பட்டவருக்குக் கட்டுப்போடப் பழக வேண்டும். திரும்பி வந்து இங்கே பிள்ளைகளுக்கு அதையெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லா டீச்சர்களும் நீலச் சேலையும் வெள்ளை ரவிக்கையும்தான் உடுத்த வேண்டும் என்பது உத்தரவு.

சென்னியம்மாள் பிறந்து வளர்ந்தது காடுகரை உள்ள குடும்பத்தில். கடலை பிடுங்குகிற காலத்தில் அவள் அப்பாவும் அண்ணனும் மாதக்கணக்கில் காட்டிலேயே படுப்பார்கள். பெண்கள் படுத்ததில்லை. இருட்டுவதற்குள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவளுக்கு வயது இருபத்தாறு ஆகியிருந்தது. கூரை இல்லாத இடத்தில் அவள் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை.

பதினைந்தாவது வயதில் அவளைப் புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு ஊரில் கந்தவேல் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நான்கு வருஷம் போனது. குழந்தை இல்லை. ஒருநாள் காலையில் மாமியார் பெருமாயி, வாசலை நன்றாக மெழுகிப் பெரிய கோலமாகப் போடச் சொன்னாள். நோம்பி, பண்டிகை ஏதும் இல்லையே என்று நினைத்துக்கொண்டே போட்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் கந்தவேல், கழுத்தில் மாலையோடு அத்தாயி என்கிற பெண்ணை அந்தக் கோலத்தின் மேல் நடத்திக் கூட்டிவந்தார். சென்னியம்மாள் அடுப்படியில் இருந்து பார்த்தாள். சின்னண்ணன் என்று பெயர்கொண்ட அவள் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப்போகிற வரைக்கும் அந்த வீட்டு வேலைகளை எப்போதும்போலச் செய்துகொண்டிருந்தாள். அவள் அழுததாக யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் நினைவில்லை.

அப்பா உயிரோடிருந்தபோது, ஊரார் பேச்சைக் கேட்காமல் அவளைச் சேலத்தில் டீச்சர் பயிற்சிக்கு அனுப்பினார். இப்போது சாலம்மாள் வீட்டின் பின்னறையில் குடியிருந்து வேலை பார்க்கிறாள். ஏழு வருஷத்தில் கந்தவேல் ஒருமுறைகூட வந்து கூப்பிடவில்லை. தாலி மட்டும் கழுத்தில் கிடந்தது. அதைக் கழற்று என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை, வைத்திரு என்று சொல்லவும் யாரும் இல்லை.

ஆயத்தங்கள் நடந்தன. குமாரபாளையத்திலிருந்து தலைச்சுமையாகச் சேலை கொண்டுவரும் நெசவுக்காரரிடம், கரையில்லாத நீலச் சேலை ஒன்று வேண்டும் என்று சாலம்மாளே சொல்லிவைத்தாள். அவர் அடுத்த தடவை வரும்போது கொண்டுவந்தார். கஞ்சி விறைப்பு போகாத சேலை. பழைய வண்டிப் படுதாவை வெட்டித் தோளில் மாட்டும் பை தைக்க ஆரம்பித்தாள் சென்னியம்மாள். ஊசி இறங்காத துணி. ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கதவு நிலையில் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. கடைவீதியில் பீங்கான் பூச்சுப் பூசிய தகரத் தட்டும் லோட்டாவும் வாங்கினார்கள். போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி, விரித்துக்கொள்ள ஒரு பவானி ஜமக்காளம்.

சாலம்மாள் முன்பு மதராஸில் இப்படி ஒரு காம்ப்புக்குப் போய் வந்தவள். சாயங்காலங்களில் ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டி விதவிதமான முடிச்சுகளைக் கற்றுக்கொடுத்தாள். அதில் ஒன்று, மாட்டைக் கட்டுத்தறியில் கட்ட அப்பா போடுகிற முடிச்சு. சாலம்மாள் அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னாள். சென்னியம்மாள் அந்தப் பெயரை மூன்று தரம் சொல்லிப் பாடம் பண்ணினாள்.

ஒருநாள் இரண்டு மூங்கிலும் ஜமக்காளமும் வைத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் அடித்துப் பார்த்தார்கள். நாலு பக்கமும் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே போய் மூங்கிலை நிமிர்த்தும்போது ஒரு பக்கத்துப் பிள்ளைகள் கயிற்றை விட்டுவிட, எல்லாம் அவள் தலைமேல் விழுந்தது. வெளியே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துக்கொண்டு வெளியே வருவாள் என்று காத்திருந்தார்கள். அவள் வரவில்லை. துணிக்கு அடியில் இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. சத்தமெல்லாம் தூரத்தில் கேட்டது. அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. சாலம்மாள் பயந்துபோய் வந்து துணியைத் தூக்கினாள்.

சந்தைக்கு வந்த சின்னண்ணன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கலெக்டர் கேம்ப் போடுவார், சர்வே தாசில்தார் போடுவார், அது அவருக்குத் தெரியும். வாத்தியார் வேலைக்கு வந்த பெண் எதற்காகத் தோப்பில் படுக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை. சோளம் காவலுக்குப் படுத்தால் நாலு மூட்டை மிஞ்சும், இதில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். தெரியவில்லை, போகச் சொல்கிறார்கள் என்றாள். அவர் மாட்டுக்கு வாங்கிய மூக்கணாங்கயிற்றில் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

காம்ப் திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பையின் கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணனின் பண்ணையாள் ஆண்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார்.

"சாமி, உங்க ஊட்டுக்காரரு போயிட்டாருங்க. காத்தால கெணத்துல கமலை ஓட்டிக்கிட்டு இருந்தவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாராம். அவ்வளவுதானுங்க. அண்ணன் அங்க போயிட்டாரு. உங்களக் கூட்டியாரச் சொன்னாரு."

சென்னியம்மாள் சரி என்றாள். உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து தைத்து ஓரத்தை முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுப் பையை ஆணியில் மாட்டினாள். அப்புறம்தான் சாலம்மாளிடம் போய்ச் சொன்னாள். சாலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கிற கை யாருடையதோ என்பதுபோலச் சென்னியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் புதுச்சத்திரம் வரைக்கும் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் போனார்கள். வழியெல்லாம் ஆண்டி, கந்தவேலின் நல்ல குணங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். வண்டிக்காரர் ஆமாம் போட்டார். தனக்கு ஏதாவது செய்கிறதா என்று சென்னியம்மாள் உள்ளே தேடிப் பார்த்தாள். வண்டிச் சக்கரம் குழியில் இறங்கி ஏறுவது முதுகில் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

அந்த வீட்டில் ஓலை வேய்ந்த இடமெல்லாம் இப்போது ஓடு போட்டிருந்தது. கந்தவேலை வாசலில் கிடத்தியிருந்தார்கள். பாதித் தலை நரைத்திருந்தது. ஏழு வருஷம் நினைவில் இருந்த முகம் வேறு, இது வேறு. அத்தாயி காலடியில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு விழித்தன. மூத்தவள் வந்துவிட்டாள் என்று யாரோ சொன்னதும் கூட்டம் வழிவிட்டது. தலைமாட்டில் அவளை உட்காரவைத்தார்கள்.

பெண்கள் அவளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அழுது தீர்த்துவிடு என்று ஒரு பாட்டி காதருகில் சொன்னாள். சென்னியம்மாள் முயன்றாள். முகத்தை அழுகிற மாதிரி வைத்துக்கொள்ளக்கூட வரவில்லை. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு குனிந்துகொண்டாள். அதற்குள் பின்னால் இரண்டு பெண்கள், சம்பளம் வாங்குகிறவளுக்கு எப்படி அழுகை வரும் என்று பேசிக்கொண்டது கேட்டது.

எடுப்பதற்கு முன்னால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துத் தாலியை அறுத்தார்கள். அத்தாயி கழுத்தைக் கைகளால் மூடிக்கொண்டு திமிறினாள். மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. சென்னியம்மாள் தானாகவே தலையைக் குனிந்து பின்கழுத்தைக் காட்டினாள். கயிறு இருந்த இடத்தில் காற்றுப்பட்டது. அவரவர் பிறந்த வீட்டிலிருந்து வந்த வெள்ளைச் சேலையைப் போர்த்தினார்கள். சின்னண்ணன் கொண்டுவந்த சேலையில் கடைச் சீட்டுகூடக் கிழிக்காமல் ஒட்டியிருந்தது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய் வந்து குளித்த பிறகு வீடு அடங்கியது. இருவரையும் உள்ளறையில் ஒரு பாயில் உட்காரவைத்திருந்தார்கள். கருமாதி முடிகிற வரைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். குழந்தைகளை யாரோ சோறூட்டக் கூட்டிப் போயிருந்தார்கள். அத்தாயிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்னயக் கூட்டியாறப்ப நீங்க இருக்கறது எனக்குத் தெரியாதுங்கக்கா. மூத்தவ செத்துப்போயிட்டான்னு எங்க அப்பங்கிட்டச் சொல்லியிருந்தாங்க. வாசல்ல அத்தாம்பெரிய கோலம் கெடந்துச்சு. ஆரு போட்டதுன்னு கேட்டனுங்க. அவுரு பேசவேயில்ல."

"நாந்தான் போட்டேன்" என்றாள் சென்னியம்மாள்.

"அப்பறமா அடுப்படியில உங்களப் பாத்ததும் தெரிஞ்சு போச்சுங்க."

சென்னியம்மாளுக்கு அவளைத் திட்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை, தேற்ற வேண்டும் என்றும் தோன்றவில்லை. சொன்னது கேட்டது என்பதற்காகத் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, ஏதாவது பேச வேண்டுமே என்று, திங்கட்கிழமை தான் சேலத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னாள். எதற்கு என்று அத்தாயி கேட்டாள். சென்னியம்மாள் காம்ப்பைப் பற்றிச் சொன்னாள். மாந்தோப்பு, துணிக்கூடாரம், கயிறு, முளைக்குச்சி, கல்லடுப்பு என்று சாலம்மாள் சொன்னதை வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். அத்தாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். அன்று முழுவதும் அழுத பெண், அப்போதுதான் கொஞ்சம் நிறுத்தியிருந்தாள்.

"எல்லாம் பொம்பளைங்கதானுங்களா?"

"ஆமா."

"ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"உத்தரவே அப்படித்தான்."

அத்தாயி அதை யோசித்தபடி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது கிளம்பியதும் சென்னியம்மாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, போகிறேன் என்றாள். சின்னண்ணன் அவளைத் தனியாக மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் கூட்டிப்போய்ப் பேசினார். பதினாறு நாளும் இந்த வீட்டில் உட்கார்ந்தால்தான் நாளைக்கு ஊரார் முன்னால் மூத்தவள் என்கிற உரிமை நிலைக்கும், இல்லையென்றால் இவர்கள் உன்னைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்றார். எறிந்து ஏழு வருஷம் ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. நாளைக்குப் பஸ் காலையிலேயே போய்விடும் என்று மட்டும் சொன்னாள். அவளுக்குப் பிடிவாதம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை போக வேண்டும் என்று முன்பே சரி சொல்லியிருந்தாள். அதை மாற்றுவதற்கு ஒரு காரணம் மனசில் எழ வேண்டும். எதுவும் எழவில்லை.

பெருமாயி நடைவாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். மகனைப் பறிகொடுத்தவள். குரல் கம்மிப்போயிருந்தது.

"புருசன் செத்த ஊட்டுல இருந்து தோப்புல படுக்கப் போறயா?"

"ஆமாங்க அத்தை. வேலைங்க."

"ஊர்ல என்ன பேசுவாங்கன்னு நெனச்சுப் பாத்தயா?"

உள்ளறையிலிருந்து, வெளியே வரக்கூடாத அத்தாயி நிலைப்படி வரைக்கும் வந்தாள்.

"உடுங்க அத்தை. அக்கா போவட்டும். நாந்தான் உக்காந்திருக்கறனே."

பெருமாயி திரும்பி அவளைப் பார்த்தாள். அப்புறம் காலை மடக்கிக்கொண்டாள். ஒரு ஆள் போகிற அளவுக்குத்தான் வழி விட்டது. சென்னியம்மாள் அந்த இடைவெளியில் வெளியே வந்தாள்.

நாமக்கல்லுக்குத் திரும்பி வெள்ளைச் சேலையில் அவள் வந்து நின்றதைப் பார்த்துச் சாலம்மாள் அழுதுவிட்டாள். போக வேண்டாம், துக்கம் என்று எழுதிப்போட்டால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், வேறு டீச்சரை அனுப்பலாம் என்றாள். சென்னியம்மாள், எல்லாம் எடுத்துவைத்தாயிற்றே என்றாள். சாலம்மாளுக்கு அடுத்த யோசனை வந்தது. அப்படியானால் வெள்ளையிலேயே போகட்டும், காம்ப்பை நடத்துகிற அம்மாளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடலாம்.

"உங்களுக்கு எது வேணும், சென்னியம்மா? அதச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

எது வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"உத்தரவுல நீலம்னுதான போட்டிருக்குது" என்றாள்.

மறுநாள் காலையில் நீலச் சேலையும் வெள்ளை ரவிக்கையும் உடுத்திக்கொண்டாள். பஸ் நிற்கிற இடத்தில் நாமக்கல் சந்தைக்கு வந்தவர்கள் பலர் இருந்தார்கள். வெறும் கழுத்தையும் புதுச் சேலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தெரிந்த ஒரு பெண், அருகில் வந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கம்பளிச் சுருளை டிரைவர் மேலே போட்டுக் கட்டினார். படுதாப் பையை மடியில் வைத்துக்கொண்டாள் சென்னியம்மாள்.

புதுச்சத்திரத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். சாலையோரத்துப் புளியமரத்தடியில் சின்னண்ணன் நின்றிருந்தார். பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்து அவள் ஜன்னலருகே நின்றார். சேலையைப் பார்த்தார். தாடை இறுகியது. இழுத்து இறக்கிவிடுவாரோ என்று அவளுக்குத் தோன்றியது. இறங்கச் சொன்னால் இறங்கிவிடுவாள் என்றும் தோன்றியது. அவர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். யார் யார் கவனிக்கிறார்கள் என்று பார்த்திருப்பார்.

"தோப்புல சருகு கெடக்கும். கூட்டிப்போட்டுட்டுப் படு அம்மணி" என்றார்.

"சரிங்கண்ணா."

வண்டி கிளம்பும் வரைக்கும் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் விட்டுவிட்டார்.

தோப்பில் இருபதுக்கு மேற்பட்ட டீச்சர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் நீலம். நான்கு பேருக்கு ஒரு கூடாரம். இவளோடு ஆத்தூர்ப் பக்கத்துக் குஞ்சம்மாள் என்கிற டீச்சரும் இன்னும் இரண்டு பேரும். குஞ்சம்மாள் வாய் ஓயாமல் பேசுகிறவள். வீட்டுக்காரர் சண்டை போட்டு அனுப்பினார் என்றாள், பிள்ளையை மாமியாரிடம் விட்டுவந்ததைச் சொன்னாள். முளைக்குச்சி அடிக்கும்போது எல்லோருக்கும் கோணலாகப் போனது. கயிற்றை இழுத்துக் கட்டுகிற வேலையைச் சென்னியம்மாள் எடுத்துக்கொண்டாள். கூடாரம் நின்றது.

முதல் நாள் சமையல் இவர்கள் கூடாரத்துக்கு விழுந்தது. கல்லைக் கூட்டி, தோப்பில் பொறுக்கிய சுள்ளியை வைத்துப் பற்றவைத்தார்கள். ஈர விறகு. புகை கிளம்பிச் சுற்றிலும் நிறைந்தது. குஞ்சம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே, சென்னியம்மாளின் கழுத்தைப் பார்த்து, இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டாள்.

"ஆச்சுங்க. வெள்ளிக்கெழமை செத்துப்போயிட்டாரு."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"இப்பப் போனதுதானுங்க."

குஞ்சம்மாள் கையிலிருந்த ஊதுகுழலைக் கீழே வைத்தாள். நெருப்புப் பற்றிக்கொண்டு, புகை அடங்கி, மற்ற இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உலையில் அரிசி போட்டார்கள். சென்னியம்மாளின் கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தொண்டை அடைக்கவில்லை. நெஞ்சில் ஒன்றும் இல்லை. யாரையும் நினைக்கவில்லை. கந்தவேலின் முகம்கூட வரவில்லை. தண்ணீர் மட்டும் கன்னத்தில் வழிந்து ரவிக்கையில் விழுந்தது. அவள் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

குஞ்சம்மாள் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். அப்படியே ஒரு மாமரத்து வேரில் உட்காரச் சொன்னாள். சென்னியம்மாள் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சோறு இறக்கி முடித்தபோது தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தார்கள். அடி பிடித்த சோறு, உப்புக் குறைந்த பருப்பு. அவள் முழுதும் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் வேணுங்க என்று தட்டை நீட்டினாள். குஞ்சம்மாள் தன் தட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் போட்டாள்.

தோப்பின் அந்தப் பக்கத்திலிருந்து எல்லோரையும் வரச் சொல்லி விசில் ஊதினார்கள். சென்னியம்மாள் தட்டைக் கழுவி வைத்தாள், முகத்தையும் கழுவிக்கொண்டாள். குஞ்சம்மாளுக்குப் பக்கத்தில், வரிசையில் போய் நின்றாள்.